கடல் தாண்டாத சிப்பாயின் கடிதங்கள்: எதற்காகக் காப்பாற்ற வேண்டும்?

வடகரையான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போர்க் கடிதங்களைப் பற்றி இந்தக் குழுவில் நிறையப் பேசியிருக்கிறோம். எல்லாமே நார்மண்டி, இவோ ஜிமா, பர்மா என்று போர்முனையிலிருந்து வந்தவை. இன்னொரு கூட்டத்தை நாம் தொட்டதே இல்லை. அந்தப் போரில் அமெரிக்கச் சீருடை அணிந்தவர்கள் சுமார் 1 கோடியே 60 லட்சம் பேர். அவர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் கடைசிவரை கப்பலேறவே இல்லை. டெக்சாஸ், ஜார்ஜியா, மிசிசிப்பி முகாம்களில் இருந்தபடி வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே போர்க்காலத்தைக் கழித்தவர்கள் அவர்கள்.

இப்போது ஏன் இதைக் கேட்கிறேன் என்றால், நான் இருக்கும் ஒஹாயோவில் பக்கத்து வீட்டு அம்மா தன் அப்பாவின் வீட்டை விற்பதற்காக ஒழித்துக்கொண்டிருக்கிறார். பரணில் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கடிதங்கள் கிடைத்தன. 1942 ஆகஸ்ட் முதல் 1945 கடைசி வரை அப்பா அம்மாவுக்கு எழுதியவை. பிள்ளைகள், "தாத்தா எங்கே சண்டை போட்டார்? டைப் அடித்துக்கொண்டுதானே இருந்தார்" என்று சொல்லிக் குப்பையில் போடச் சொல்கிறார்களாம். அவருக்கு மனசு கேட்கவில்லை. எனக்கு வரலாற்றில் ஆர்வம் இருப்பது தெரிந்து கொஞ்சம் படித்துப் பார்க்கச் சொன்னார்.

படித்தேன். தூக்கிப் போடக் கூடாது என்பதுதான் என் கட்சி. அதை அந்தப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்ல எனக்குக் காரணங்கள் வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்பருத்தி எழுதியது:

வடகரையான் அண்ணா, நான் மறுபக்கம் பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காப்பகங்களில் இடம் குறைவு, ஆள் குறைவு. அட்டவணை போடாமலே வருஷக்கணக்கில் கிடக்கும் பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் போர்முனையிலிருந்து வந்த கடிதத்துக்கு முதலிடம் கொடுப்பதுதானே நியாயம்? "இங்கே வெயில் அதிகம், சாப்பாடு பரவாயில்லை, உன் நினைப்பாகவே இருக்கிறது" என்று முகாமில் உட்கார்ந்து எழுதிய நூறு கடிதங்களில் வரலாற்றுக்கு என்ன கிடைக்கும்? குடும்பத்துக்கு அது பொக்கிஷம், அதில் சந்தேகமில்லை. நான் கேட்பது பொதுமக்களுக்கு என்ன பயன் என்று.

பழையதாள் எழுதியது:

செம்பருத்தி, நல்ல கேள்வி. காகிதப் பாதுகாப்பு என் தொழில் என்பதால் இரண்டு வகைக் கடிதங்களும் என் கைக்கு வருகின்றன. வரலாற்றுத் தகவல் என்று பார்த்தால் பல சமயம் நீங்கள் சொல்வதற்கு நேர் எதிராகத்தான் இருக்கிறது.

காரணம் தணிக்கை. கடல் கடந்து போன சிப்பாய் எழுதிய கடிதத்தை அவனுடைய படைப்பிரிவு அதிகாரியே படிப்பார். ஊர்ப் பெயர், கப்பல் பெயர், பிரிவின் பெயர், எத்தனை பேர், எங்கே போகிறோம் என்று எது இருந்தாலும் பிளேடால் வெட்டிவிடுவார், இல்லையென்றால் மை பூசிவிடுவார். தினமும் முகத்தில் விழிக்கும் அதிகாரி படிக்கிறார் என்றால் மனைவிக்கு எதை மனம் திறந்து எழுத முடியும்? அந்தரங்கமாக எழுத வேண்டும் என்றால் நீல உறை ஒன்று கொடுப்பார்கள். அதைச் சொந்த அதிகாரி பிரிக்காமல், முகம் தெரியாத வேறொரு தணிக்கையாளர் படிப்பார். அவ்வளவுதான் சலுகை. அதனால்தான் அந்தக் கடிதங்கள் "எங்கோ பிரான்சில்", "எங்கோ பசிபிக்கில்" என்று தொடங்குகின்றன.

அதோடு வி-மெயில் என்ற ஏற்பாடு 1942 ஜூன் 15-இல் வந்தது. ஒரே பக்கத் தாளில் எழுதுவார்கள், அதை மைக்ரோஃபிலிமில் படம் பிடித்து அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் சின்னதாக அச்சடித்துக் கொடுப்பார்கள். 37 மூட்டைக் கடிதம் ஒரே மூட்டைக்குள் அடங்கிவிடும். கப்பலில் இடம் மிச்சம், ஆனால் எழுதுகிறவனுக்கு ஒரு பக்கத்தோடு சரி.

உள்நாட்டு முகாமில் இருந்தவனுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது. உறையை ஒட்டித் தபால் பெட்டியில் போட்டால் மனைவிதான் பிரிப்பாள். முகாமின் பெயர், ரயிலின் பெயர், சார்ஜென்ட்டின் பெயர், என்ன துப்பாக்கி, என்ன கூலி, பக்கத்து ஊரில் என்ன கலவரம், எல்லாம் எழுதுவான். எட்டுப் பக்கம் பத்துப் பக்கம் போகும்.

விதிவிலக்கு உண்டு. அணுகுண்டு செய்த லாஸ் அலமோஸில் 1943 கடைசியிலிருந்து கடிதங்களைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் வெளியுலகத்துக்குச் சொல்ல ஒரே முகவரிதான்: சாண்டா ஃபே, தபால் பெட்டி எண் 1663. அதே மாதிரி கப்பலேறுவதற்கு முன் கொண்டுபோய் வைக்கும் நியூ ஜெர்சியின் கேம்ப் கில்மர், நியூயார்க்கின் கேம்ப் ஷாங்ஸ் போன்ற இடங்களிலும் தணிக்கை தொடங்கிவிடும். மற்றபடி உள்நாட்டுக் கடிதம் என்றால் தணிக்கை இல்லாத கடிதம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

தபால்தலைப் பித்தன் எழுதியது:

வடகரையான் சார், முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். கடிதத்தை உறையிலிருந்து எடுத்துத் தனித்தனியாக அடுக்கிவிடாதீர்கள். எந்தக் கடிதம் எந்த உறையில் இருந்ததோ அதோடவே இருக்க வேண்டும். சிப்பாய்கள் பாதிப் பேர் மேலே "செவ்வாய் இரவு" என்று மட்டும் எழுதுவார்கள். எந்த வருஷத்துச் செவ்வாய் என்று சொல்வது உறையின் மேல் உள்ள முத்திரைதான்.

உறையின் வலது மேல்மூலையைப் பாருங்கள். 1942 மார்ச் கடைசியில் சிப்பாய்களுக்குத் தபால் செலவில்லை என்று சட்டம் வந்தது. கடல் கடந்தவனுக்கு மட்டுமில்லை, டெக்சாஸில் இருப்பவனுக்கும் அது உண்டு. தபால்தலை ஒட்ட வேண்டிய இடத்தில் "இலவசம்" என்று அவன் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதியிருப்பான். வீட்டிலிருந்து அவனுக்கு எழுதினால் மட்டும் 3 சென்ட் தலை ஒட்ட வேண்டும். அவசரம் என்று விமானத் தபாலில் போட்டிருந்தால் சிப்பாயும் காசு கொடுத்திருப்பான், அதில் தலை இருக்கும். தலை ஒட்டிய உறையை முதலில் பிரித்துப் பாருங்கள், குழந்தை பிறந்தது, சாவு, விடுப்பு ரத்து என்று ஏதாவது முக்கியமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இடது மேல்மூலையில் அவன் பெயருக்கு அடுத்து எட்டு இலக்கப் படை எண் இருக்கிறதா? தரைப்படையில் 3-இல் தொடங்கினால் கட்டாய ஆள்சேர்ப்பில் வந்தவன், 1-இல் தொடங்கினால் தானாக வந்து சேர்ந்தவன். இரண்டாவது இலக்கம் எந்தப் பகுதியில் சேர்ந்தான் என்று காட்டும். ஒஹாயோ, இண்டியானா, கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா இந்த நாலுக்கும் 5. உங்கள் ஆள் எண் 35 என்று தொடங்க வேண்டும்.

வடகரையான் எழுதியது:

பித்தன் ஐயா, எடுத்துப் பார்த்தேன், 35-தான்! நல்லவேளை, அந்த அம்மா எதையும் பிரித்து வைக்கவில்லை. வருஷவாரியாக ரிப்பன் கட்டி வைத்திருந்தது அவருடைய அம்மாவாம்.

செம்பருத்தி கேட்டதற்காக ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். குடும்பத்தின் அனுமதியோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். டெக்சாஸில் மினரல் வெல்ஸ் ஊரை ஒட்டிய கேம்ப் வோல்டர்ஸ் என்ற காலாட்படைப் பயிற்சி முகாமிலிருந்து எழுதியது. சிப்பாய்களுக்காக யு.எஸ்.ஓ. என்ற தொண்டு அமைப்பு நடத்திய பொழுதுபோக்கு மையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தாள், இரண்டு பக்கமும் பென்சில். பயிற்சி முடிந்ததும் தட்டச்சு தெரியும் என்பதற்காக அவரை அங்கேயே அலுவலகத்தில் நிறுத்திக்கொண்டார்கள். கூடப் பயிற்சி எடுத்தவர்கள் எல்லோரும் கிளம்புகிறார்கள். கிளம்புகிறவர்களின் பெயர்ப்பட்டியலைத் தட்டச்சு செய்ததே இவர்தான். கட்டில்களில் மெத்தையைச் சுருட்டித் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், காலி அறையில் இவர் ஒருவர் மட்டும் படுத்திருக்கிறார். அடுத்த வாரம் புது ஆட்கள் வருகிறார்கள். பயிற்சி முடிந்ததும் அவர்களுக்கும் இதே பட்டியல். மூன்று வருஷம் இந்த மனிதர் செய்த வேலை இது.

அந்தத் தாளின் ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். 22, 28, கோடு, 50. முதலில் எனக்கு விளங்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது. 1942 ஜூனில் வந்த சட்டப்படி சிப்பாயின் மனைவிக்கு மாதம் 50 டாலர். 22 டாலர் அவன் சம்பளத்தில் பிடிப்பார்கள், 28 டாலர் அரசு போடும். கடைநிலைச் சிப்பாயின் சம்பளமே 50 டாலர்தான். மீதி 28-இல் காப்பீடு, சலவை, முடிவெட்டு எல்லாம் போக என்ன மிஞ்சும், ஊருக்கு வர ரயில் டிக்கெட்டுக்கு எத்தனை மாதம் சேர்க்க வேண்டும் என்று கீழே தொடர்கிறது கணக்கு. இதை எந்தத் தளபதியின் நினைவுக் குறிப்பில் படிக்க முடியும்?

செம்பருத்தி எழுதியது:

அந்தப் பெயர்ப்பட்டியல் விஷயம் என்னை அசைத்துவிட்டது அண்ணா. அதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அந்தப் பேரப்பிள்ளைகள் கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லாத இடத்தில் இருந்தவர்தானே? போர்க்கடிதம் என்று சொல்லும்போது நாம் எதிர்பார்ப்பது வேறு.

நீலவானம் எழுதியது:

இடையில் நுழைகிறேன். உள்நாடு என்றால் உயிருக்கு ஆபத்தில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்க ராணுவ விமானப்படையில் மட்டும் உள்நாட்டுப் பயிற்சி விபத்துகளில் இறந்தவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். எதிரியின் முகத்தையே பார்க்காமல், டெக்சாஸ் வயலிலும் அரிசோனா மலையிலும் விழுந்து செத்தவர்கள். பெரும்பாலும் இருபது வயசுப் பையன்கள்.

கடற்படையில் 1944 ஜூலை 17 இரவு கலிபோர்னியாவின் போர்ட் சிகாகோவில் கப்பலில் வெடிமருந்து ஏற்றும்போது வெடித்தது. 320 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் கறுப்பின மாலுமிகள். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் மறுபடி ஏற்ற மாட்டோம் என்று நின்றவர்களில் 50 பேர் மேல் கலகம் செய்தார்கள் என்று குற்றம் சாட்டித் தண்டித்தார்கள். 2024-இல்தான் கடற்படை அந்தத் தீர்ப்பை நீக்கியது. எண்பது வருஷம்!

பெண்களையும் சொல்ல வேண்டும். வாஸ்ப் என்ற பெண் விமானிகள் அமைப்பில் பயிற்சி முடித்தவர்கள் 1,074 பேர். டெக்சாஸில் ஸ்வீட்வாட்டர் ஊரின் அவெஞ்சர் ஃபீல்டில் பயிற்சி. தொழிற்சாலையிலிருந்து விமானத்தை ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்ப்பது, பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகப் பின்னால் இலக்கை இழுத்துக்கொண்டு பறப்பது, இதெல்லாம் அவர்கள் வேலை. எல்லாம் உள்நாட்டில்தான். 38 பேர் இறந்தார்கள். அவர்களைச் சிவிலியன் என்று வைத்திருந்ததால் உடலை ஊருக்கு அனுப்ப அரசு காசு தரவில்லை, கூட இருந்த பெண்கள் சட்டைப்பையிலிருந்து போட்டுச் சேர்த்து அனுப்பினார்கள். சவப்பெட்டியின் மேல் கொடி போர்த்தவும் உரிமை இல்லை. படைவீரர் தகுதி 1977-இல்தான் கிடைத்தது. அந்தத் தகுதிக்காகப் போராடிய காலத்தில் அவர்கள் கையில் இருந்த சான்றுகள் எல்லாம் இந்த மாதிரிப் பழைய தாள்கள்தான்.

கரிசல்காரி எழுதியது:

நீலவானம் போர்ட் சிகாகோவைச் சொன்னதும் எனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. உள்நாட்டிலிருந்து ஒரு சிப்பாய் எழுதிய கடிதம் என்ன செய்யும் என்பதற்கு எனக்குத் தெரிந்த பெரிய உதாரணம் ரூபர்ட் டிரிமிங்ஹாம். கறுப்பினத்தவர், கார்ப்பரல். வீட்டுக்கு எழுதியதில்லை, 'யாங்க்' என்ற ராணுவ வார இதழுக்கு எழுதியது. 1944 ஏப்ரல் 28 இதழில் வந்தது.

நடந்தது இதுதான். அவரும் இன்னும் எட்டுக் கறுப்பினச் சிப்பாய்களும் லூசியானாவின் கேம்ப் கிளெய்போர்னிலிருந்து அரிசோனாவின் ஃபோர்ட் வாச்சூக்காவில் இருந்த ராணுவ மருத்துவமனைக்குப் போகிறார்கள். லூசியானாவிலேயே ஓர் ஊரில் அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு வாய் காபிக்கு அலைகிறார்கள், எந்தக் கடையிலும் கொடுக்கவில்லை. கடைசியில் ரயில் நிலைய உணவகத்தில், சமையலறைப் பக்கம் பின்வாசலில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். அப்போது காவலுக்கு இரண்டு அமெரிக்கச் சிப்பாய்களோடு இரண்டு டஜன் ஜெர்மன் போர்க்கைதிகள் வருகிறார்கள். நேராக உணவகத்துக்குள் போய் மேசையில் உட்கார்கிறார்கள். சாப்பாடு வருகிறது. பேசிக்கொண்டு சிகரெட் பிடிக்கிறார்கள். இவர்கள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கறுப்பினச் சிப்பாய் எதற்காகப் போரிடுகிறான் என்று கேட்டு அவர் எழுதினார். ஜூலையில் மறுபடி ஒரு கடிதம். முதல் கடிதத்தைப் படித்து அவருக்கு 287 கடிதங்கள் வந்தனவாம், அதில் 183 ராணுவத்தில் இருந்த வெள்ளையர்கள் எழுதியவை. படையில் இருக்கும் வெள்ளையர்களுக்கே இது பொறுக்கவில்லை என்று ராணுவத்தின் சொந்தப் பத்திரிகையிலேயே பதிவானது. ராணுவத்தில் இனப் பாகுபாடு கூடாது என்று அதிபர் ட்ரூமன் ஆணை போட்டது 1948-இல். அதற்கு நாலு வருஷம் முன்னால் இந்தக் கடிதம்.

அதே 1944 ஜூலை 6, டெக்சாஸ் கேம்ப் ஹூட். ராணுவப் பேருந்தில் பின்னால் போய் உட்காரச் சொன்ன ஓட்டுநரிடம் முடியாது என்றார் லெப்டினன்ட் ஜாக்கி ராபின்சன். ஆம், கறுப்பினத்தவரைச் சேர்க்காத பேஸ்பாலின் நிறத்தடையை 1947-இல் உடைத்த அதே ராபின்சன். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். விசாரணைக்கு முன்பே போர்த்துறையில் கறுப்பினத்தவர் விவகாரங்களைக் கவனித்த ட்ரூமன் கிப்சனுக்கு நடந்ததை விவரித்துக் கடிதம் எழுதினார். ஆகஸ்டில் விடுதலை ஆனார். அவர் சார்ந்திருந்த 761-ஆவது டாங்கிப் படை ஐரோப்பா போனது, அவர் போகவில்லை. அப்படியென்றால் அவரும் கடல் தாண்டாத சிப்பாய்தான். அவரிடம் போய் "நீங்கள் எங்கே சண்டை போட்டீர்கள்" என்று யாராவது கேட்பார்களா?

இப்படி ஒரு டிரிமிங்ஹாமின் கடிதம் நமக்குத் தெரிகிறது, அச்சாகிவிட்டதால். அம்மாவுக்கும் அக்காவுக்கும் இதையே எழுதியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவையெல்லாம் இப்போது எந்த வீட்டுப் பரணில் இருக்கின்றன?

மூங்கில்காடு எழுதியது:

கரிசல்காரி அக்கா, இதோடு சேர்த்து மிசிசிப்பியின் கேம்ப் ஷெல்பியையும் வைக்க வேண்டும். 1943-இலிருந்து ஜப்பானிய அமெரிக்கர்களின் 442-ஆவது படைப்பிரிவு பயிற்சி எடுத்த இடம். 1942 பிப்ரவரி 19-இல் அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட ஆணையால் மேற்குக் கரையிலிருந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். அப்படி அடைபட்ட குடும்பத்துப் பையன்களும் இந்தப் பிரிவில் இருந்தார்கள். அமெரிக்கச் சீருடையில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறான், உறையின் மேல் போட வேண்டிய பெற்றோர் முகவரி அர்கன்சாவிலோ வயோமிங்கிலோ ஒரு தடுப்பு முகாம், தார்த்தாள் போர்த்திய கொட்டகையின் எண்ணோடு. காவல் கோபுரத்தில் நிற்பவனும் அதே சீருடை.

பயிற்சியின் தொடக்கத்தில் ஹவாயிலிருந்து வந்தவர்களுக்கும் பெருநிலத்திலிருந்து வந்தவர்களுக்கும் ஒத்தே போகவில்லை, அடிதடி. ஹவாய்க்காரர்களின் குடும்பங்களைப் பெரும்பாலும் அடைக்கவில்லை, அதனால் இவர்கள் ஏன் உம்மணாமூஞ்சியாக இருக்கிறார்கள் என்று அவர்களுக்குப் புரியவில்லை. அர்கன்சாவில் ரோவர் முகாமுக்கு ஒரு நாள் விருந்தாளியாகக் கூட்டிப்போன பிறகுதான் முள்வேலியைக் கண்ணால் பார்த்தார்கள். பிற்காலத்தில் செனட்டரான டேனியல் இனோயே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். திரும்பி வரும் வண்டியில் யாரும் பாடவில்லையாம். இத்தாலிக்குக் கப்பலேறும் முன்பே அந்தப் படைப்பிரிவு ஒரு படைப்பிரிவாக ஆனது அந்த ஒரு பயணத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். அதுவும் உள்நாட்டில் நடந்ததுதான்.

ரயில்பிரியன் எழுதியது:

வடகரையான், அந்தக் கடிதங்களில் நெப்ராஸ்காவின் நார்த் பிளாட் பெயர் எங்காவது வருகிறதா பாருங்கள். முகாம் மாற்றும்போது ராணுவ ரயில்கள் அங்கே தண்ணீர் பிடிக்கப் பத்துப் பதினைந்து நிமிஷம் நிற்கும். 1941 கிறிஸ்துமஸ் அன்று தொடங்கி 1946 ஏப்ரல் 1 வரை, சுற்றுவட்டாரத்து ஊர்ப் பெண்கள் ஒவ்வொரு ரயிலையும் காபி, சாண்ட்விச், கேக்கோடு எதிர்கொண்டார்கள். சுமார் 60 லட்சம் பேர் அந்த நடைமேடையில் இறங்கி ஏறியிருக்கிறார்கள். அன்றைக்குப் பிறந்தநாள் என்று சொன்னால் முழு கேக்கையே கையில் கொடுத்துவிடுவார்களாம்.

வடகரையான் எழுதியது:

இவர் போனதெல்லாம் தெற்குப் பக்கம்தான் ரயில்பிரியன், நெப்ராஸ்கா வரவில்லை.

அந்த அம்மா நேற்று ஒன்று சொன்னார். அப்பா உயிரோடு இருந்தவரை படைவீரர் தினத்தன்று பள்ளியில் எழுந்து நிற்கச் சொன்னால் நிற்க மாட்டாராம். "எனக்கு அந்தத் தகுதி இல்லை" என்பாராம். அந்தக் கூச்சம் 1945 கடிதங்களில் நன்றாகத் தெரிகிறது. ஐரோப்பாவில் போர் முடிந்ததும் யாரை முதலில் வீட்டுக்கு அனுப்புவது என்று புள்ளிக்கணக்கு வைத்தார்கள். படையில் இருந்த மாதத்துக்கு 1, அதில் கடல் கடந்திருந்த மாதத்துக்குக் கூடுதலாக இன்னொரு 1, பதக்கத்துக்கும் போர்க்கள நட்சத்திரத்துக்கும் 5, குழந்தைக்கு 12. மொத்தம் 85 வேண்டும். இவருக்கு மாதக் கணக்கில் 33, மகளுக்கு 12, ஆக 45. மனைவி எப்போது வருகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார் போல. போர்முனையிலிருந்து வருகிறவர்களுக்கு முன்னால் தான் போவது நியாயமில்லை என்று பதில் எழுதுகிறார், அடுத்த பத்தியிலேயே மகள் நடக்க ஆரம்பித்துவிட்டாளா என்று கேட்கிறார். அந்த மகள்தான் இப்போது பெட்டியை என் கையில் கொடுத்தவர்.

மனைவியின் கடிதங்கள் ஒன்றுகூட இல்லை. முகாமில் அவருக்கு இருந்தது ஒரு சின்னப் பெட்டி, வைத்துக்கொள்ள இடமில்லை என்று நினைக்கிறேன். மனைவி கேட்ட கேள்விகளை இவருடைய பதில்களிலிருந்துதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

பழையதாள் எழுதியது:

வடகரையான், அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய முக்கியமான காரணத்தை இன்னும் யாரும் சொல்லவில்லை. செயின்ட் லூயிஸ் தீ.

1973 ஜூலை 12 நள்ளிரவுக்குச் சற்றுப் பிறகு, படைவீரர்களின் பணிக்கோப்புகளை வைத்திருந்த தேசிய காப்பகத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. எரிந்தவை 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் கோப்புகள். 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. நகல் இல்லை, மைக்ரோஃபிலிம் இல்லை, எது இருந்தது என்ற அட்டவணைகூட இல்லை.

1945 கடைசியில் விடுதலையான தரைப்படைச் சிப்பாய் என்றால் அந்த 80 சதவீதத்தில் விழவே வாய்ப்பு அதிகம். போர்முனைக்குப் போனவனுக்கு வேறு தடயங்கள் கிடைக்கும்: படைப்பிரிவின் வரலாறு, பதக்க ஆணை, மருத்துவமனைப் பதிவு, கூடப் போனவர்களின் நினைவுகள். முகாம் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவருக்கு யார் வரலாறு எழுதினார்கள்? கம்பெனி எனப்படும் சிறு படைப்பிரிவுகளின் அன்றாடக் காலைப் பதிவேடுகள் தப்பித்திருக்கின்றன, உண்மை. ஆனால் எந்தக் கம்பெனி, எந்தத் தேதி என்று தெரிந்தால்தான் அதில் ஆளைத் தேட முடியும். அதைச் சொல்வது பித்தன் சொன்ன அந்த உறைதான். பெட்டியைக் குப்பையில் போட்டால் அந்த மனிதர் மூன்றரை வருஷம் எங்கே இருந்தார் என்பதற்கு ஆதாரமே இல்லாமல் போகலாம்.

சரி, வேலைக்கு வருவோம். ரப்பர் பேண்டு, துருப்பிடித்த பின், கிளிப் எல்லாவற்றையும் மெதுவாக எடுத்துவிடுங்கள். செல்லோடேப் வேண்டவே வேண்டாம், லேமினேட் செய்யும் யோசனை யாருக்காவது வந்தால் உடனே தடுங்கள். போர்க்காலத் தாள் அமிலம் நிறைந்தது, மடிப்பில் விரிசல் விட்டிருக்கும். வற்புறுத்திப் பிரிக்காமல் தட்டையாக வைத்து, அமிலமில்லாத உறையில் போடுங்கள். எண் போடுவதென்றால் பென்சிலால், ஓரத்தில். பரணிலும் நிலவறையிலும் வைக்க வேண்டாம், ஆட்கள் புழங்கும் அறையில் இருக்கட்டும். உறையின் முன்பக்கம், பின்பக்கம், கடிதத்தின் ஒவ்வொரு பக்கம் என்று ஸ்கேன் செய்யுங்கள். பென்சில் எழுத்துக்கு 600 டிபிஐ, வண்ணத்தில். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மங்கிய பென்சில் காணாமல் போய்விடும்.

செம்பருத்தி எழுதியது:

தீ விபத்து எனக்குத் தெரியாது. அதைக் கேட்ட பிறகு காப்பகத்தில் இடமில்லை என்று நான் சொன்னது நிற்காது. காப்பகமே எரிந்த பிறகு வீட்டில் இருப்பதுதான் காப்பகம்.

ஆனால் வேறொரு கவலை வருகிறது. தணிக்கை இல்லாத கடிதம் என்றால் கணவன் மனைவி இடையில் உள்ளதெல்லாம் அதில் இருக்கும். அந்த மனைவி ரிப்பன் கட்டி வைத்தது தனக்காக, நமக்காக இல்லை. அதை இணையத்தில் போடலாமா?

பழையதாள் எழுதியது:

இணையத்தில் உடனே போடக் கூடாது என்பதில் உங்கள் பக்கம்தான் நான். இரண்டு விஷயம். ஒன்று, சட்டம். அமெரிக்காவில் கடிதத் தாள் யாரிடம் இருந்தாலும் எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருடையது, அவருக்குப் பின் வாரிசுகளுடையது. அச்சில் வராத கடிதத்துக்கு அவர் இறந்து 70 வருஷம் வரை அந்த உரிமை உண்டு. அதனால் மகள் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு, கொடுக்கும்போதே நிபந்தனை வைக்கலாம். குறிப்பிட்ட சில கடிதங்களை இத்தனை வருஷம் யாருக்கும் காட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தால் நல்ல காப்பகம் ஏற்கும்.

கொடுக்க இடங்களும் இருக்கின்றன. காங்கிரஸ் நூலகத்தின் படைவீரர் வரலாற்றுத் திட்டம் 2000-இல் தொடங்கியது, கடல் தாண்டாதவர்களையும் சமமாகவே ஏற்கிறது. கலிபோர்னியாவில் சாப்மன் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கப் போர்க்கடிதங்களுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. ஆண்ட்ரூ கரோல் 1998-இலிருந்து நாடு முழுக்கத் திரட்டிய கடிதங்கள் அங்கேதான். உள்ளூர் வரலாற்றுச் சங்கம் என்றால் ஊர்க்காரர்கள் போய்ப் பார்க்க முடியும். என்னைக் கேட்டால் மூலத்தை ஊரிலேயே கொடுத்து, ஸ்கேன் நகல் குடும்பத்தில் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும்.

வடகரையான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை அந்த அம்மாவும் பேரப்பிள்ளைகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். தீ விபத்தைச் சொன்னேன், புள்ளிக்கணக்கைக் காட்டினேன். மூத்த பேரன் பெயர்ப்பட்டியல் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தான். அதில் தாத்தா பெயர் சொல்லி எழுதியிருக்கும் ஆட்களில் யார் திரும்பி வந்தார்கள் என்று தேடப் போகிறேன் என்கிறான்.

முடிவானது இது: மூலங்கள் மாவட்ட வரலாற்றுச் சங்கத்துக்கு. செம்பருத்தி சொன்னதை வைத்து, எந்தக் கடிதங்களை மூடி வைப்பது என்று மகளே படித்துத் தேர்ந்தெடுப்பார், அதை நான் பார்க்க மாட்டேன். ஸ்கேன் வேலை என்னுடையது. 1942 கட்டின் பென்சில் எழுத்து தேய்ந்து மங்கலாக இருக்கிறது, அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன். பழையதாள், 1944 கட்டில் இரண்டு உறைகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதை நானே பிரிக்கலாமா, உங்களிடம் அனுப்பட்டுமா?

பழையதாள் எழுதியது:

கை வைக்காதீர்கள். இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து அப்படியே அனுப்புங்கள், முகவரியைத் தனிமடலில் தருகிறேன்.